காலிக் காணிகளும் அயலவர் கடிதங்களும்

ஒல்லாந்தர் எமது நாட்டின் கரையோரங்களை ஆண்டு விட்டுச் சென்றவற்றுள் கோட்டைகள் கண்ணுக்குத் தெரிகின்றன. சொற்கள் காதில் ஒலிக்கின்றன. அலுவலகத்தை நம்மவர் 'கந்தோர்' என்று வழங்கிவந்தார்களே, அச்சொல் ஒல்லாந்தருடைய மொழியிலிருந்து வந்ததுதான். நேயர்களே, இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்ட வரலாறும் அவர்களுடைய நாட்டிலுள்ள ஒரு கந்தோரிலேயே தொடங்குகின்றது. ஆம்ஸ்டர்டாம் மாநகரசபையின் பொது வேலைப் பகுதியிலே நகர வளர்ச்சியைக் கவனித்துவந்த கந்தோர் அது. இரண்டாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகளில் அக்கந்தோருக்கு நகர மக்களிடமிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. அவற்றின் சாரம் ஒன்றே: எங்கள் தெருவிலே பிள்ளைகள் விளையாட இடமில்லை, இன்ன மூலையில் ஒரு காணி சும்மா கிடக்கின்றது, அதனை விளையாட்டிடமாக ஆக்கித் தாருங்கள்.

1947ஆம் ஆண்டிலிருந்து 1978ஆம் ஆண்டு வரை அந்நகரில் எழுநூறுக்கு மேற்பட்ட சிறு விளையாட்டிடங்கள் தோன்றின. அவற்றுட் பலவற்றுக்கு மூலகாரணம் இத்தகைய கடிதங்கள்தாம். ஒரு நகரின் பொது இடங்களை அங்கே குடியிருப்போர் தாமே தெரிந்து கேட்க, அறிந்தவர்கள் அதற்கு உருவம் கொடுத்த முறை இது. இம்முறை எவ்வாறு நடைபெற்றது, எதுவரை சென்றது, எங்கே தடைப்பட்டது என்பவற்றைச் சிறிது விரிவாகப் பார்ப்போம்.

நகரத்தை அமைப்பதென்றால், பெரிய மேசையின்மேற் பெரிய படத்தை விரித்து, இங்கே வீதி, இங்கே வீடு, இங்கே பூங்கா எனக் கோடு கீறுவதே என்பது நெடுங்காலமாக நிலவிவந்த எண்ணம். மேலே சொன்ன கந்தோரும் அவ்வாறு கீறியதுதான். கோர்னேலிஸ் வான் ஈஸ்டரன் என்பவரைத் தலைமைக் கலைஞராகக் கொண்டு 1930களில் அங்கே வரையப்பெற்ற விரிவாக்கத் திட்டம், 2000ஆம் ஆண்டு வரை நகரத்துக்கு எத்தனை வீடுகள் வேண்டும், எவ்வளவு பசும்பரப்பு வேண்டும் என்றெல்லாம் கணக்கிட்டு வகுத்தது. நகர அமைப்புக் கலையைக் கற்போர் இன்றும் அதனைக் கற்கின்றனர். அதனைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆனால், அத்தகைய கணக்குக்குள் அகப்படாதது ஒன்றுண்டு. மூன்றாம் மாடியில் ஒடுங்கிய இரண்டு அறைகளில் வாழும் ஒரு தாயின் நான்கு வயதுப் பிள்ளை, கீழே தெருவிற் போய் எந்த மூலையில் நின்று விளையாடுகின்றது என்பதை மேசையிலிருந்து காணமுடியாது; அவள் வீட்டு யன்னலிலிருந்துதான் காணலாம்.

போர் முடிந்தபோது ஆம்ஸ்டர்டாமின் நிலை இரங்கத்தக்கதாயிருந்தது. 1944ஆம் ஆண்டின் கடைசியிலும் 1945ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் நிலவிய கொடுங்குளிரை அந்நாட்டவர் 'பசிக் குளிர்காலம்' என்று இன்றும் அழைப்பர். நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவும் நிலக்கரியும் வரவில்லை. ஏறக்குறைய 20,000 பேர் பட்டினியாலும் குளிராலும் மாண்டனர். விறகில்லாத மக்கள், திராம் வண்டித் தண்டவாளங்களுக்கிடையே பதித்திருந்த மரக்கட்டைகளைப் பெயர்த்து எரித்தனர். அதுவும் தீர்ந்தபின், ஆளற்றுக் கிடந்த வீடுகளுட் புகுந்து கதவு, படி, உத்திரம் என்று அகப்பட்டவற்றை எல்லாம் கழற்றிச் சென்றனர். உத்திரம் போன வீடு எத்தனை நாளைக்கு நிற்கும்? பல வீடுகள் இடிந்து விழுந்தன. பலவற்றை மாநகரசபையே பின்னர் இடித்து அகற்றியது. வரிசையாய் நின்ற வீடுகளிடையே, பல் விழுந்த வாயைப் போல, வெற்றுக் காணிகள் தோன்றின.

ஆளற்றுக் கிடந்த அந்த வீடுகள் யாருடையவை என்பதையும் சொல்லாமற் போவது முறையன்று. போருக்குமுன் ஆம்ஸ்டர்டாமில் ஏறக்குறைய 80,000 யூதர்கள் வாழ்ந்தனர். 1942ஆம் ஆண்டு தொடக்கம் ஜேர்மானிய ஆக்கிரமிப்பாளர் அவர்களைப் புகைவண்டிகளில் ஏற்றிக் கொலைக்களங்களுக்கு அனுப்பினர். பெரும்பாலோர் திரும்பவில்லை. நகரத்தின் நடுவிலே நியூமார்க்ட் சதுக்கத்தையும் வாட்டர்லூ சதுக்கத்தையும் சூழ்ந்திருந்த பழைய யூதர் குடியிருப்பில் வெற்றுக் காணிகள் மிகுந்தமைக்குக் காரணம் இதுவே.

போர் ஓய்ந்ததும் பிறப்பு விகிதம் உயர்ந்தது. வீடுகள் போதா. ஒரு வீட்டில் இரு குடும்பங்கள் ஒண்டி வாழ்ந்தன. பிள்ளைகளோ எங்கும் நிறைந்திருந்தனர். போருக்கு முன்னரும் அந்நகரில் விளையாட்டுத் தோட்டங்கள் இல்லாமலில்லை. ஆயினும் அவற்றைச் சங்கங்களே நடத்தின. சுற்றி வேலி, வேலிக்கு ஒரு வாயில், வாயிலுக்கு ஒரு காவலாளி, உள்ளே செல்லச் சந்தா என்ற ஒழுங்கில் அவை இயங்கின. சந்தா கட்ட இயலாத வீட்டுப் பிள்ளை வேலிக்கு வெளியே நின்றது.

கந்தோரில் இருந்த இருவரைப் பற்றி இனிச் சொல்லவேண்டும். ஒருவர் யாக்கோபா மூல்டர் என்னும் அம்மையார். 1900ஆம் ஆண்டிற் பிறந்தவர். நகரின் தெற்கெல்லையிலே ஆம்ஸ்டர்டாம் வனம் என்னும் பெரும் பூங்காவை வகுத்ததில் முதன்மையான பங்கு இவருடையது. பிற்காலத்தில் அப்பகுதியின் தலைமையையும் ஏற்றார். மற்றவர் அல்டோ வான் ஐக். 1918ஆம் ஆண்டிற் பிறந்து, சுவிற்சர்லாந்திலே கட்டிடக்கலை கற்று, 1946ஆம் ஆண்டில் அங்கே வேலைக்குச் சேர்ந்த இளைஞர். தெருவோரத்து மரமொன்றின் அடியில் ஒரு சிறுமி மண்ணைக் கிளறி விளையாடுவதை மூல்டர் அம்மையார் கண்டார் என்றும், அதுவே அவரது சிந்தனையைத் தூண்டியது என்றும் சொல்வர். பெரும் வனத்தை வகுத்தவருக்கு ஓர் அடிமரத்து மண் பாடம் சொல்லியது போலும்! பெரிய பூங்கா நகரின் ஓரத்தில் இருக்கிறது. நான்கு வயதுப் பிள்ளை அங்கே தனியாகச் செல்லுமா? அதற்கு வேண்டியது வீட்டு வாசலிலிருந்து தாய் கூப்பிட்டால் கேட்கும் தூரத்திலுள்ள ஒரு மணற்குழி.

1947ஆம் ஆண்டில் நகரின் தென்பகுதியிலுள்ள பெர்டல்மன் சதுக்கத்தில் முதல் விளையாட்டிடத்தை வான் ஐக் அமைத்தார். அதில் இருந்தவை மிகச் சில. ஒரு பக்கத்தில் அகன்ற சீமெந்து விளிம்புடன் கூடிய மணற்குழி. அதனுள்ளே நான்கு வட்டக் கற்களும் ஒரு இரும்பு வளைவும். எதிர்ப் பக்கத்தில் குட்டிக்கரணம் போடுவதற்கு மூன்று இரும்புச் சட்டங்கள். ஓரங்களில் மரங்களும் வாங்குகளும். வேலி இல்லை, வாயில் இல்லை, காவலாளியும் இல்லை. சதுக்கத்தைக் குறுக்கே கடந்து கடைக்குச் செல்வோர் பிள்ளைகளின் நடுவே நடந்து செல்லலாம்.

சில நாட்களிலே அங்கு பிள்ளைகள் குவிந்தனர். அதனைக் கண்ட அயற்பகுதிப் பெண்ணொருவர் எங்களுக்கும் அவ்வாறு ஒன்று வேண்டும் என்று கந்தோருக்கு எழுதினார். பின்னர் வேறொரு தெருவிலிருந்து கடிதம் வந்தது, அதன்பின் வேறொன்று. இக்கடிதங்களிற் பல மாநகர ஆவணக் காப்பகத்திலே பின்வந்த ஆய்வாளர்களின் கண்ணிற் பட்டன. இந்த எழுநூறு இடங்களும் ஒரே வரைபடத்திலிருந்து பிறந்தவை அல்ல, ஒவ்வொன்றாய்க் கேட்கப்பட்டு ஒவ்வொன்றாய் எழுந்தவை என்பது இவற்றால் தெளிவாயிற்று.

வேலை நடைபெற்ற விதம் எளிது. அயலவர் ஓர் இடத்தைச் சுட்டி எழுதுவர். கந்தோரிலிருந்து ஒருவர் போய்ப் பார்ப்பார். அது மாநகரசபைக்கு உரிய நிலமா, அல்லது வீடு கட்டும்வரை சும்மா கிடக்கும் நிலமா என்று விசாரிக்கப்படும். தடையில்லை என்றால் வான் ஐக் அதற்கென ஒரு படம் வரைவார். மணற்குழி, தாவிச் செல்வதற்கான உருளைக் கற்கள், கரணச் சட்டங்கள், கவிழ்த்த கூடை போன்ற ஏறுவளைவு ஆகிய உறுப்புக்கள் பொதுவானவை; மலிவாகப் பலவாய்ச் செய்துவைக்கத் தக்கவை. ஆனால் அவற்றை வைக்கும் ஒழுங்கு காணிக்குக் காணி வேறுபட்டது. முக்கோணக் காணிக்கு ஒரு விதம், இரு வீடுகளுக்கிடையே நீண்டு ஒடுங்கிய காணிக்கு வேறொரு விதம். பெரும்பாலும் நட்ட நடுவிலே எதனையும் வைக்கமாட்டார். நடுவில் ஒன்றை வைத்தால் மற்றவை எல்லாம் அதற்கு ஏவலாகிவிடும் என்பது அவர் கருத்து.

உறுப்புக்களின் உருவத்தைப் பற்றியும் அவருக்கு உறுதியான கொள்கை இருந்தது. யானை, குதிரை போலச் செய்த விளையாட்டுக் கருவிகளை அவர் விரும்பவில்லை. இரும்பு யானை என்றும் யானையாகவே இருக்கும். ஆனால் வெறும் வளைவு இன்று மலையாகும், நாளை கப்பலாகும், மறுநாள் சிறுமியர் கூடியிருந்து கதைபேசும் திண்ணையாகும். மணற்குழியின் விளிம்பு அகலமாக இருந்தமைக்கும் இதுவே காரணம். சிறுவர் அதன்மேல் மணற்பலகாரம் 'சுட்டு' அடுக்குவர், பெரியவர் அமர்வர், மாலையில் இளைஞர் கூடுவர். விளையாட்டிடம் பிள்ளைகளுக்கு மட்டும் ஒதுக்கிய கூண்டாகாமல், தெருவோடு தெருவாய் எல்லோருக்கும் பொதுவான இடமாகவும் இருக்கவேண்டும் என்பதே உட்கருத்து.

வெண்பனி பெய்த காலையை அவர் அடிக்கடி எடுத்துக்காட்டாகச் சொல்வார். பனி பெய்தால் வண்டிகள் நின்றுவிடும். ஒரே இரவில் நகரம் முழுவதும் சிறுவர்களுடையதாகிவிடும். ஆனால் பனி உருகிவிடும். பனியைவிட நிலைத்து நிற்கும் ஒன்றை நகரம் தன் சிறுவர்களுக்குக் கொடுக்க வேண்டாமா என்று அவர் கேட்டார். எமது நாட்டிற் பெருமழை நாளில் முழங்கால் நீரிற் கப்பல் விடும் பிள்ளைகளைக் கண்டவர்களுக்கு இக்கேள்வி விளங்காமற் போகாது.

1954ஆம் ஆண்டில் நியூமார்க்ட் அயலிலே டைக்ஸ்திராட் என்னும் ஒடுங்கிய தெருவில் அமைந்த விளையாட்டிடம் பலராலும் எடுத்துப் பேசப்படுவது. இரு புறமும் அயல் வீடுகளின் மொட்டைச் சுவர்கள். நடுவே வீடு இருந்து அழிந்த வெறும் நிலம். அந்நிலத்தைப் பல வகைக் கற்களாற் பாவி, மணற்குழியும் சட்டங்களும் வைத்துத் தெருவோடு சேர்த்துவிட்டனர். இதனுடைய புகைப்படங்களைப் பார்க்கும்போது எனக்கு இருவகை உணர்ச்சி உண்டாகின்றது. இடிபாடும் குப்பையுமாய்க் கிடந்த இடத்திலே பிள்ளைகளின் சிரிப்பு எழுந்ததை எண்ணி மகிழாதவர் யார்? ஆயினும், இத்தகைய காணிகள் பலவற்றில் முன்னொரு காலத்தில் வேறு பிள்ளைகள் உறங்கி எழுந்தனர். மணற்குழியின் விளிம்பில் அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் பொறிக்கப்படவில்லை. போருக்குப் பிந்திய அக்காலத்தில் மறப்பதே பலருக்கும் மருந்தாயிருந்தது. அக்குடியிருப்பின் பெயர்களைக் கல்லிற் பொறிக்கும் முயற்சிக்கு மிக நீண்ட காலம் சென்றது. கொல்லப்பட்ட 1,02,000க்கு மேற்பட்டோரின் பெயர்களைச் செங்கல் செங்கலாய்த் தாங்கும் நினைவுச் சுவர் 2021ஆம் ஆண்டிலேதான் அப்பகுதியில் திறந்துவைக்கப்பட்டது.

இதுவரை கூறியது கேட்டுப் பெற்ற கதை. கேட்டும் பெறாத கதையையும் சொல்லவேண்டும். ஒரு மூலையில் மணற்குழி வேண்டும் என்று எழுதியவர்களுக்குக் கந்தோர் மறுமொழி கொடுத்தது. ஏனெனில் அதற்குச் செலவு சிறிது, காணியோ சும்மா கிடந்தது, எவருக்கும் இழப்பில்லை. 1960களில் மோட்டார் வண்டிகள் பெருகியபோது, தெருவுக்கே உரிமையாளர் யார் என்ற வழக்கு எழுந்தது. கடிதத்தால் தீர்க்கமுடியாத வழக்கு அது.

நகரின் தென்புறத்திலே தெ பைப் என்னும் நெருக்கமான தொழிலாளர் குடியிருப்பொன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வண்டிகளை நினையாமற் கட்டப்பட்ட ஒடுங்கிய தெருக்கள் அவை. 1970ஆம் ஆண்டளவில் அத்தெருக்களின் இருமருங்கும் மோட்டார் வண்டிகள் நிறைந்தன. ஒல்லாந்தில் 1971ஆம் ஆண்டில் மட்டும் வீதி விபத்துக்களில் 3,200க்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் 400க்கு மேற்பட்டோர் சிறுவர். அடுத்த ஆண்டிலே தெ பைப் சிறுவர்கள் தாமே எழுந்தனர். தங்கள் தெருவை வண்டிகள் புகாத விளையாட்டுத் தெருவாக்க வேண்டுமென வீடு வீடாய்ச் சென்று கையொப்பம் திரட்டினர். தெருவின் குறுக்கே தடை வைத்து மறித்தனர். சினங்கொண்ட வண்டியோட்டிகள் இறங்கிவந்து தடைகளை இழுத்தெறிந்த காட்சியை அவ்வாண்டுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று பதிவுசெய்தது. பெற்றோருக்கு முன் பிள்ளைகள் வழக்குரைத்த விந்தையை நாடு கண்டது. அதே ஆண்டில், தன் மகளை விபத்திற் பறிகொடுத்த பத்திரிகையாளர் ஒருவர் 'குழந்தைக் கொலையை நிறுத்துக' என்னும் தலைப்பில் எழுதிய கட்டுரை பெற்றோரின் பேரியக்கமொன்றுக்குப் பெயராயிற்று.

இதற்கிடையே டெல்ஃப்ட் என்னும் சிறு நகரில் வேறொரு வழி உருவாகியிருந்தது. நடைபாதை, வண்டிப்பாதை என்ற பிரிவை நீக்கி, தெருவை நேராக விடாமல் வளைத்து, நடுநடுவே மரங்களும் வாங்குகளும் வைத்தனர். வண்டி வரலாம், ஆனால் ஆள் நடக்கும் வேகத்திலேயே செல்லவேண்டும். அத்தெருவுக்கு அவர்கள் இட்ட பெயரைத் தமிழிற் சொன்னால் 'வாழும் முற்றம்' என்று வரும். முற்றம் என்ற சொல் எமக்கு எவ்வளவு பழகியது! நெல் காய்வதும், கோலம் இடுவதும், பிள்ளை தவழ்வதும் அங்கேதான். 1976ஆம் ஆண்டில் ஒல்லாந்தின் சட்டம் இம்முற்றத் தெருக்களை ஏற்றுக்கொண்டது.

நியூமார்க்ட் அயலில் நடந்தது இன்னும் கடுமையானது. அங்கே பழைய வீடுகளை இடித்து நான்கு தட வீதியொன்று அமைக்கவும், நிலத்தின்கீழ்ப் புகைவண்டிப் பாதை தோண்டவும் மாநகரசபை எண்ணியது. மணற்குழி தந்த அதே சபைதான்! குடியிருப்போரும், காலி வீடுகளிற் குடியேறிய இளைஞரும் எதிர்த்து நின்றனர். வீதித் திட்டம் 1972ஆம் ஆண்டிற் கைவிடப்பட்டது. புகைவண்டித் திட்டம் கைவிடப்படவில்லை. 1975ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வீடுகளை இடிக்கப் பொலீசார் வந்தபோது பெருங்கலவரம் மூண்டது, வீடுகள் இடிக்கப்பட்டன, 1980ஆம் ஆண்டில் அங்கே வண்டி ஓடியது. தோற்றார்கள் என்று சொல்லலாமா? நிலத்தின்கீழ்ப் பாதை போட்டபின், மேலே அலுவலக மாளிகைகள் எழவில்லை. பழைய தெருக்களின் அளவையும் வளைவையும் பின்பற்றி மீண்டும் குடியிருப்பு வீடுகளே எழுந்தன. அவ்வேலையிலே அயலவரோடு இருந்து படம் வரைந்த கட்டிடக்கலைஞர்களுள் ஒருவர் யார் தெரியுமா? இருபது ஆண்டுகளுக்கு முன் அதே அயலில் மணற்குழி வகுத்த வான் ஐக். தியோ பொஸ் என்பவருடன் சேர்ந்து அவர் அதனைச் செய்தார். நியூமார்க்ட் நிலையத்துள் இறங்குவோர் இன்று அக்கலவரத்தின் படங்களையும், வீடிடித்த இரும்புக் குண்டின் நினைவுருவையும் காணலாம்.

கடித முறையிலும் குறைபாடு உண்டு என்பது என் துணிபு. எழுத வல்லவரே கடிதம் எழுதுவர். அரசாங்கக் கந்தோருக்கு எழுதினால் மறுமொழி வரும் என்ற நம்பிக்கை உள்ளவரே எழுதுவர். அந்நம்பிக்கை இல்லாத தெருக்கள் மௌனமாயிருக்கும். மௌனத்தைத் திருப்தி என்று கந்தோர் எண்ணிவிடவும் கூடும். மூல்டர் அம்மையார் கடிதத்தை எதிர்பார்த்து இராமல், காணிகளைத் தேடியும் ஆட்களை அனுப்பினார் என்பதை நினைக்கும்போதுதான் அவருடைய அறிவின் கூர்மை புலப்படுகின்றது. முதலாவது இடத்தைச் செய்து காட்டியதும் அவ்வாறே. தெருவிலே கண்ணாற் கண்ட பின்னர்தான் கேட்கலாம் என்ற எண்ணமே பலருக்கு வந்தது.

இன்று அந்த எழுநூறில் எஞ்சியவை மிகச் சில. தற்காலிகமாகக் கிடைத்த காணிகளில் வீடுகள் எழுந்தன, அது எதிர்பார்த்ததுதான். வேறு பல, புதிய பாதுகாப்பு விதிகளுக்கு ஒவ்வாதவை என்றும், வண்ணமற்றவை என்றும் அகற்றப்பட்டன. அவற்றின் இடத்திலே நிறம்பூசிய கருவிகள் வந்தன. அகற்றியபின் அருமை தெரிந்தது. நகரின் மேற்கிலிருந்து கழற்றிய ஏறுவளைவு முதலிய சில உறுப்புக்கள், ரெம்பிராண்டின் ஓவியங்களைக் காக்கும் ரைக்ஸ் அரும்பொருட்சாலையின் தோட்டத்திலே 2013ஆம் ஆண்டில் நிறுவப்பட்டன. ஓவியம் பார்க்கப் பெற்றோர் வரிசையில் நிற்க, பிள்ளைகள் அவ்விரும்பு வளைவின்மேல் ஏறி இருக்கின்றனர்.